நான்காம் படகு, மணி இரண்டு இருபது

சார், முதலில் அந்தச் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நாலு நிமிடம் பிந்தி ஓடுகிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதப்போகும் வாக்குமூலத் தாளில் மேலே நேரம் போடுவீர்கள் அல்லவா, அது தப்பாக இருக்கக்கூடாது. பத்து முப்பத்தாறு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சுந்தர்சிங். வயது அறுபத்தொன்று. ஊர் கருங்கல். முப்பத்தெட்டு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். ஒரு சின்ன அறை, ஒரு மின்விசிறி, ஒரு மைக். மார்த்தாண்டம் வண்டியும் தக்கலை வண்டியும் குளச்சல் வண்டியும் என் வாயிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் நகரும். அந்த வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டால் அடுத்த வண்டியை நிறுத்தமாட்டோம். நின்ற வண்டியைப் பார்க்க மெக்கானிக் போவார், மற்றவை அதனதன் நேரத்துக்குப் போகும். ஐம்பது பேருடைய கஷ்டத்தை ஐந்நூறு பேருக்குப் பங்குவைப்பது இரக்கம் ஆகாது. இது என் சொந்தக் கருத்து இல்லை, வேலையே அப்படித்தான்.

ஜான்ரோஸ் என் சின்னம்மை மகன். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். அவனை நடுக்கடலில் தனியாக விட்டுவிட்டு நாங்கள் ஆறு பேர் எப்படிக் கரை சேர்ந்தோம் என்பதுதானே உங்கள் கேள்வி. இதற்கு முன்பு இரண்டு தடவை கேட்டார்கள், இரண்டு தடவையும் சொன்னேன். இந்தத் தடவை நீங்கள் அந்த நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பயணம் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மினிக்காய் தீவுக்கு. இருநூற்றுப் பதினைந்து கடல்மைல். இருபத்திரண்டு அடி நீளமுள்ள ஃபைபர் படகுகள் நான்கு, ஒவ்வொன்றிலும் பின்னால் ஓர் எஞ்சின், படகுக்கு இரண்டு பேர். எங்களில் யாரும் கடற்கரைக்காரர்கள் இல்லை. ரப்பர்த் தோட்டம் உள்ளவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள். ஆசைக்குப் படகு வாங்கி ஞாயிறு ஆராதனை முடிந்தபின் தூண்டில் போடப் போகிற கூட்டம். மாவட்டத்தில் இதுவரை யாரும் இப்படிக் கூட்டமாகச் சின்னப் படகில் அவ்வளவு தூரம் போனதில்லை என்றார்கள்.

முதலில் அதைச் சொன்னது ஜான்ரோஸ்தான், அதை நான் மறைக்கவில்லை. பஹ்ரைனில் படகுப் பட்டறையில் பதினேழு வருடம் வேலைபார்த்துவிட்டு வந்திருந்தான். கிறிஸ்துமஸ் மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "மினிக்காய் வரைக்கும் ஒரு ஓட்டம் போவமா அண்ணே?" என்றான். அதோடு மறந்தும்போனான். மறக்காதவன் நான். ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் புறப்பட எந்த வண்டியும் கிடையாது. அன்று மாலையே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

இரண்டு வருடம் சார். காற்று எந்த மாதம் எப்படி, அலை எவ்வளவு உயரம், ஒரு மைலுக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல், ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், எல்லாம் நான் எழுதினேன். அனுமதிக்காக ஏழு மாதம் அலைந்தேன். யாருடைய கண்ணில் பூ விழுந்திருக்கிறது, யாருக்குச் சர்க்கரை என்பதுவரை பட்டியல் உண்டு. காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டு, மணிக்குப் பதினெட்டு மைல் வேகத்தில் மாலை ஆறேகாலுக்கு மினிக்காய். சூரியன் ஆறு நாற்பதுக்கு மறையும். கையில் இருபத்தைந்து நிமிடம் மிச்சம். அந்த இருபத்தைந்து நிமிடத்தை, நீங்கள் வாங்கிவைத்திருக்கும் என் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன், பார்த்திருப்பீர்கள்.

துறைமுகத்தில் எங்களைப் பார்த்து மீன்பிடிக்காரர்கள் சிரித்தார்கள். "ஏலே, ரப்பர் பால்வெட்டப் போறவியளெல்லாம் கடலுக்கு வந்திருக்காவ பாரு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் என் நோட்டை எடுத்துக் காட்டினேன். மரியாதையாகப் புரட்டிவிட்டு, "மினிக்காய்க்கு பஸ் எத்தன மணிக்கு சார்?" என்று கேட்டார்கள். ஜான்ரோஸ் அவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் குந்தியிருந்து காற்றைப் பற்றிக் கேட்டான். ஒரு மணி நேரத்தில் அவனைத் தோளில் தட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவன் எங்கே போனாலும் அப்படித்தான். என் மனைவி செல்லபாய்கூட, "ஜான்ரோஸ் கூட வாறதுனால எனக்குப் பேடியில்ல" என்று தைரியமாகச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஏழாவது விதியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பன்னிரண்டு விதிகள் எழுதியிருந்தேன். ஏழாவது இது: ஒரு படகு பழுதாகி நின்றால் மற்றவை நிற்கக்கூடாது, கரை சேர்ந்து உதவி அனுப்பவேண்டும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு, எங்களில் ஒருவனான சத்தியராஜுடைய ஹார்டுவேர் கடை மாடியில் கூட்டம். நான் ஒவ்வொரு விதியாக வாசித்துக்கொண்டு வந்தேன். ஏழாவது வந்ததும் ஜான்ரோஸ் கையைத் தூக்கினான்.

"அண்ணே, இது பஸ்ஸில்ல. கடல்ல ஒருத்தன விட்டுட்டுப் போனா அவன் பொறவு கிடைக்கமாட்டான். ஒருத்தன் நின்னா எல்லாரும் நிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பஸ் என்ற சொல்லுக்குத்தான் சிரித்தார்கள், எனக்குத் தெரியும். சத்தியராஜ் கை தூக்கச் சொன்னான். என்னோடு இரண்டு வருடம் உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள் அத்தனை பேரும் அவன் பக்கம் தூக்கினார்கள். பழைய விதியை அடித்து, பக்கத்தில் புதிய விதியை என் கையாலேயே எழுதினேன். அடித்த கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேல் வைத்து அடித்தேன்.

அதன்பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. துறைமுக வாசலில் பன்னிரண்டு அடிக்கு வைத்திருந்தார்கள். நடுவில் ஜான்ரோஸ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறான், கீழே 'தலைமை: ஜான்ரோஸ்'. மற்றவர்கள் ஓரத்தில் வட்டம் வட்டமாக. என் வட்டத்துக்குக் கீழே சுந்தர்ராஜ் என்று இருந்தது. ஜான்ரோஸ் பார்த்துவிட்டு வருத்தப்பட்டான், அதுவும் உண்மை. "மாத்தி அடிக்கச் சொல்லுகேன் அண்ணே" என்றான். நேரமில்லை, வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. ஐந்தரைக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். சபை ஊழியர் ஒருவர் ஜெபம் பண்ணினார், ஆறு நிமிடம். நான் நாலு நிமிடம்தான் ஒதுக்கியிருந்தேன். நான்காம் படகில் ஜான்ரோஸோடு போகவேண்டிய தங்கப்பன் வரும்போதே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நிற்கக்கூட முடியவில்லை. ஒரு படகில் ஒற்றை ஆள் கூடாது என்பது மூன்றாவது விதி. சத்தியராஜ் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் என் ஞாபகம் வரும். ஜான்ரோஸ் தனியாக ஓட்டுவான், பதினேழு வருடம் படகோடு கிடந்தவன் என்று சொன்னேன். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

மஞ்சள் பெட்டி விஷயம் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு படகுக்கும் ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோளுக்குப் போய், இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நான்காம் படகின் பெட்டி தங்கப்பனுடைய பையில் இருந்தது. அந்தப் பையோடு அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது, மஞ்சள் நிறம் தெரிந்தது. என் கையில் சரிபார்க்கும் பட்டியல் இருந்தது, பத்தொன்பதாவது வரி. ஆட்டோ துறைமுக வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. கைதட்டிக் கூப்பிட்டிருந்தால் நின்றிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு பதினாலு. பத்தொன்பதாவது வரியில் டிக் போட்டேன்.

அப்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் புறப்படவேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான்.

கரையில் வீட்டுக்காரர்கள் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவர்கள் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அரபுநாட்டுக்குப் போனாலும் 'வாறேன்' என்றுதான் சொல்வோம். ஜான்ரோஸ் தன் மனைவி பிரீனாவிடம், "வாறேன் ஏட்டி, நாளைக்குப் போன் பண்ணுகேன்" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் வந்து, "அண்ணே, தனியா போறாவ, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வரிசை இப்படி. முதலில் சத்தியராஜ், பிறகு இரண்டாம் படகு, மூன்றாவது நானும் மகேஷ்குமாரும், கடைசியில் ஜான்ரோஸ். மகேஷ்குமார் தோவாளைப் பையன், பூ வியாபாரம். சுக்கானில் அவன், ரேடியோவில் நான். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது, அதனால் நான் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். ஏழு பேரும் ஒரே அலைவரிசையில் தொணதொணவென்று பேசக்கூடாது என்று, முன்னால் போகும் இரண்டு படகுக்கு ஓர் அலைவரிசையும் பின்னால் வரும் இரண்டுக்கு இன்னொன்றும் வைத்திருந்தேன். மணிக்கு ஒருமுறை எல்லோரும் பொதுவான அலைவரிசைக்கு வந்து ஆஜர் சொல்லவேண்டும். அது நல்ல ஏற்பாடு. யாரும் அதில் குற்றம் சொல்லவில்லை.

கடல் தோசைக்கல் மாதிரி கிடந்தது. மணிக்குப் பதினெட்டு மைல், ஒரு மைல்கூடக் குறையவில்லை. பகல் பதினொன்றுக்கு ஜான்ரோஸ் ரேடியோவில், "அண்ணே, நிங்க போட்ட டைம் அப்படியே இருக்கு, கொள்ளாம்" என்று பாராட்டினான். அவன் மனதாரத்தான் சொன்னான். ஆனால் மினிக்காயில் இறங்கினால் மாலை யாருக்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு இருபதுக்கு மறுபடி அவன் குரல் வந்தது. மிதந்து வந்த பழைய வலை ஒன்று எஞ்சினில் சுற்றி, கியர் உடைந்துவிட்டது. கடலில் வைத்துச் சரிசெய்ய முடியாது. வலையை நான் போடவில்லை சார். அவன் கொஞ்சம் பின்தங்கியிருந்தான், இரண்டு மைல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மகேஷ்குமாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் போன இரண்டு படகும் வேறு அலைவரிசையில். அந்தக் கடலில் ஜான்ரோஸ் நின்றுவிட்டது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் கணக்குப் போட்டேன். திரும்பிப் போக ஏழு நிமிடம். ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு படகை விட்டுவிட ஐந்து நிமிடம். திரும்பி அதே இடத்துக்கு வர ஏழு நிமிடம். மொத்தம் பத்தொன்பது. கையில் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. பெட்ரோலும் இருந்தது. ஆகவே முடியாது என்று நான் விட்டுவரவில்லை. முடியும் என்று கணக்கு வந்தது.

ஆனால் பாருங்கள், திரும்பிப் போனால் ஏழாவது விதிப்படி எல்லோரும் நிற்பார்கள். சத்தியராஜ் படகை விட மனமில்லாமல் கட்டி இழுக்கலாம் என்பான். இழுத்தால் நள்ளிரவு தாண்டும். கரையில் இறங்கி, ஜான்ரோஸ் அன்றைக்கு அந்த விதியை மாற்றியதால்தான் இன்றைக்கு உயிர் பிழைத்தான் என்று காலமெல்லாம் பேசுவார்கள். நான் பட்ட இரண்டு வருடப் பாடு அந்தக் கதையில் ஒரு ஓரமாக, வட்டமாக நிற்கும், பெயர்கூடத் தப்பாக. என் விதிப்படி நான் செய்தது சரி. அவர்கள் கைதூக்கி மாற்றிய விதிப்படிதான் அது தப்பு.

"அண்ணே, கேக்குதா? வாறியளா?" என்றான்.

நான் மைக்கை வாயருகே வைத்து, "வாறேன்" என்றேன்.

மகேஷ்குமார் நான் பேசுவதைப் பார்த்துத் திரும்பி, "என்ன அண்ணே சொல்லுகாவ?" என்று கத்திக் கேட்டான். "வாறானாம்" என்று சொல்லிக் கையை முன்னால் காட்டினேன். அவன் வேகத்தைக் குறைக்காமல் போனான். அவனை நீங்கள் தொந்தரவு செய்யவேண்டாம், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ரேடியோவை நான் அணைக்கவில்லை. பயணத்தில் ரேடியோவை அணைப்பது விதிமீறல். பதினெட்டு நிமிடம் ஜான்ரோஸ் பேசிக்கொண்டிருந்தான். எத்தனை மைலில் வருகிறீர்கள் என்று கேட்டான். சிவப்புத் துணியைக் கம்பில் கட்டியிருக்கிறேன் என்றான். மஞ்சள் பெட்டியைத் தேடுகிறேன், காணவில்லை, தங்கப்பன் எங்கே வைத்தானோ என்றான். பிறகு இரைச்சல் அதிகமாகி, வார்த்தைகள் பிய்ந்து, கடைசியில் அதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. மகேஷ்குமார் கேட்டதற்கு உப்புத்தண்ணீர் என்றேன்.

மூன்று மணி ஆஜரில், நான்காம் படகு வந்துகொண்டிருக்கிறது, ரேடியோ கொஞ்சம் மோசம், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். நாலு மணிக்கும் அப்படியே. ஐந்து மணிக்கு, நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சத்தம் இல்லை என்று சொன்னேன். உடனே சத்தியராஜ் எல்லாப் படகையும் நிறுத்தச் சொன்னான். ஏழாவது விதிப்படி மூன்று படகும் நின்று, இருபத்தைந்து நிமிடம் அங்கேயே வட்டமடித்துத் தேடினோம். எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். மினிக்காய் சேரும்போது ஆறு நாற்பது.

தேடுகிறவர்கள் அன்றிரவே என்னிடம்தான் கேட்டார்கள், கடைசியாக எப்போது பேசினான் என்று. நாலு ஐந்து என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு இருபதுக்கும் நாலு ஐந்துக்கும் நடுவில் முப்பத்தொரு மைல். அவர்கள் ஐந்து நாள் நன்றாகத்தான் தேடினார்கள், அவன் இல்லாத இடத்தில். முப்பத்தெட்டு வருடத்தில் நான் தப்பாக எழுதிய நேரம் அது ஒன்றுதான். பெரிய கப்பல்கள் போகும் வழி என்பதால் யாராவது அவனை எடுத்துவிடுவார்கள், இரண்டு மூன்று நாள் கஷ்டப்பட்டுத் திரும்பிவருவான், வந்தால் விதியைப் பற்றிப் பேசமாட்டான் என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் திருத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் ஏன் தப்பாகச் சொன்னாய் என்று கேட்பார்கள். பிரீனா தினமும் காலையில் வீட்டுக்கு வந்து, "என்னவாச்சும் தெரிஞ்சுதா அண்ணே?" என்பாள். செல்லபாய் அவளுக்குக் கஞ்சி கொடுப்பாள். இல்லை மக்கா, ஜெபம்பண்ணு என்று நான் சொல்வேன்.

நாற்பத்தோராம் நாள், சூரை மீன் பிடிக்கப் போன தூத்தூர்க்காரர்கள் மாலத்தீவுக்கு வடக்கே அந்தப் படகைப் பார்த்து இழுத்துவந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் அவன் இருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில், அவன் எழுதிய இந்த மேசைமேல் நோட்டு.

எது நடந்தாலும் முதலில் நேரத்தை எழுது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். சின்ன வயதில் என் அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, வண்டி புறப்படும் நேரத்தையெல்லாம் சிலேட்டில் எழுதுவான். அந்தப் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது. நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். 'மணி 2.20. கியர் போச்சு. அண்ணன் வாறேன்னு சொன்னாவ.' அந்த ஒரு வரியில் நான் மாட்டிக்கொண்டேன், சரி. அதற்குப் பிறகுள்ளதை நீங்கள் வாசித்திருக்கவேண்டாம். 'மணி 6.10. அண்ணன காணல்ல. எனக்காகத் திரும்பி வந்து அவியளுக்க படகும் நின்னுருக்குமோ.' மறுநாள், 'அண்ணனுக்கு சுகர் உண்டு, மாத்திர கையில இருக்கோ என்னவோ.' எட்டாம் நாள், 'கர்த்தாவே, அண்ணனையும் மகேசையும் கரை சேத்துரும்.' பதினாறாம் நாள்வரைக்கும் நேரம் போட்டு எழுதியிருக்கிறான். எல்லாம் சரியான நேரமாகத்தான் இருக்கும்.

ஆக, நான்தான் விட்டுவந்தேன். தெரிந்துதான் விட்டுவந்தேன். பெட்டியைப் பார்த்தேன், டிக் போட்டேன், நேரத்தை மாற்றினேன். இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியில் நீங்கள் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், 'திரும்பி வருவதாகப் பொய் சொல்லி ஏமாற்றினார்' என்று. அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஸ்கேல் இருந்தால் தாருங்கள், நானே அடிக்கிறேன். இரண்டு வருடமாக நான் அவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. நான் புறப்பட்டுக்கொண்டிருந்தேன் சார். புறப்படுகிறவன் எங்கள் ஊரில் என்ன சொல்வானோ, அதைத்தான் அவனிடம் சொன்னேன்.